போல்ட்டுக்குள் புகுந்தவர்

இனிமேல் இந்த வீட்டில் தன் சொல்தான் எடுபடும் என்று சிமியோன் சபதம் எடுத்தபோது, ஆளேற்றும் தன் ஜீப்னி வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். சபதம் எடுக்க அதைவிடப் பாதுகாப்பான இடம் அவனுக்கு வாய்த்ததில்லை.

எல்லாம் ஒரு போல்ட்டால் வந்தது. பின்சக்கரத்து ஸ்பிரிங் பட்டையை வண்டிச் சட்டத்தோடு பிணைக்கும் போல்ட். இருபது வருஷக் கடற்காற்றில் துருவேறி, இரும்பா மண்ணா என்று தெரியாமல் இறுகிக் கிடந்தது. நாளைக் காலை, ஊரே ‘மாங்’ என்று மரியாதையாக அழைத்த மெக்கானிக் உர்பானோவின் சவ ஊர்வலம். உறவுக்காரர்கள் இந்த ஜீப்னியில்தான் போகவேண்டும். பட்டையை மாற்றாமல் வண்டி நகராது. மைத்துனனின் வெல்டிங் பட்டறை அடுத்த தெருவில்தான். ஆனால் சிமியோன் மானஸ்தன், அங்கே போகமாட்டான்.

அவன் மனைவி பிரிஸ்கா போன மாதம்தான் லைசென்ஸ் எடுத்திருந்தாள். “இன்னும் ஒரு சாமானை உடைச்சே, அப்புறம் ஸ்டீயரிங் எனக்கு” என்று காலையிலேயே சொல்லியிருந்தாள்.

எண்ணெய் விட்டுப் பொறுத்திருக்கவேண்டும். சிமியோன் பொறுக்கவில்லை. வெளியே ஊர்ந்து வந்து, ஸ்பேனரில் நாலடிப் பைப்பைச் செருகி, அதன்மேல் ஏறி மிதித்தான். டக்கென்றது. போல்ட்டின் தலை அவன் காலடியில் உருண்டது. உடம்பு உள்ளேயே தங்கிவிட்டது.

“என்ன சத்தம்?” அடுப்படியிலிருந்து பிரிஸ்கா.

“நான் தொடக்கூட இல்ல புள்ள. தானா முறிஞ்சுது.”

“தானாவா?”

“மாங் உர்பானோ வந்திருக்காரு.”

துக்க வீட்டிலிருந்து அந்த ஊரில் யாரும் நேராக வீடு திரும்புவதில்லை. வழியில் ஏதாவது கடையில் உட்கார்ந்து, கூடவே வந்த ஆவியை அங்கேயே கழற்றிவிட்டுத்தான் வருவார்கள். மதியம் சிமியோன் நேராக வந்துவிட்டான். அதுவரைக்கும் உண்மை. மிச்சம் சொந்தச் சரக்கு.

“இந்தப் போல்ட்டைப் போட்டவரே அவர்தானே. கழற்ற விடாமப் பிடிச்சுக்கிட்டிருக்காரு.”

பிரிஸ்கா வெளியே வந்து, ஸ்பேனரில் செருகியிருந்த பைப்பைப் பார்த்தாள். “பிடிச்சா விடாத மனுஷன்தான்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

சிமியோன் மகிழ்ச்சியோடு மறுபடி அடியில் புகுந்தான். ஊரோரத்து எரிமலையின் புகை இறங்கி மாலைக்கு முன்பே வெளிச்சத்தை மென்று விழுங்கியிருந்தது. கோழிகள்கூட வாயை மூடிக்கொண்டன. முறிந்த முனையைச் சுத்தியலால் மூன்று முறை தட்டினான்.

சட்டத்துக்குள்ளிருந்து மூன்று தட்டு திரும்பி வந்தது.

இரண்டு தட்டினான். இரண்டு வந்தது. சுத்தியலைக் கீழே வைத்தான். யாரும் கேட்காமலே ஒன்று வந்தது. கூடவே மெல்லச் சுருட்டு வாசனை. உர்பானோ பிடிக்கும் அதே மட்டச் சுருட்டு.

முழங்கைத் தோலைப் பாதி தரையிலேயே விட்டுவிட்டு வெளியே வந்தான். “பிரிஸ்கா, நிஜமாவே தட்டுறாருடி.”

“நிஜமாவேன்னா? முன்னாடி சொன்னது பொய்யா?” அவள் கொல்லைப் பக்கமிருந்து வந்தாள்.

“இல்ல இல்ல. அப்பவும் நிஜம். இப்போ ரொம்ப நிஜம்.”

“அப்போ நடந்தே போய் அவர்கிட்ட மன்னிப்புக் கேளு. திரும்பும்போது ரொட்டிக்கடையில உட்காரு. சட்டுனு எழுந்திரிச்சிடாதே, அவர் நிதானமாச் சாப்பிடுற ஆளு. கோயில் மணி அடிக்கிற வரைக்கும் இரு.”

போனான். பெட்டிக்குள் கிடந்த உர்பானோ, அவன் கும்பிட்டபோது எதையோ சொல்லாமல் அடக்கிக்கொண்டிருப்பதுபோல் தெரிந்தது. திரும்பும் வழியெல்லாம் பின்னால் ஒரு காலடி. அவன் நின்றால் அரை அடி தாமதமாக அதுவும் நின்றது. ரொட்டிக்கடையில் இரண்டு ரொட்டி, இரண்டு காப்பி வாங்கி எதிர் நாற்காலிக்கு ஒரு பங்கு வைத்தான்.

“யாருக்கு?” என்றாள் கடைக்காரி.

சொன்னான். அவள் மறுபேச்சில்லாமல் அந்தக் கோப்பையில் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டாள். “அவருக்குத் தித்திப்பு தூக்கலா இருக்கணும்.”

மணி அடித்து வீடு வந்தால், ஜீப்னி புதுப்பட்டையில் நிமிர்ந்து நின்றது. பழைய போல்ட் ஒரு தகரத்தின் மேல் கிடந்தது. அதன் முறிந்த முனையில் ஒரு நட்டை வெல்டிங் வைத்துத் திருகி உருவியிருந்தது. சூடு இன்னும் ஆறவில்லை. ஓட்டுநர் இருக்கையில் பிரிஸ்கா. அவளுடைய இடது புருவத்தில் பாதி பொசுங்கிப் போயிருந்தது.

“யாரு கழற்றினது?”

“அவர்தான்.”

“ஆவி எங்கேயாவது வெல்டிங் வைக்குமா?”

“ஆயுசு பூரா வெச்சாரே. செத்ததும் தொழில் மறந்துடுமா?”

“அவர் என்கூடத்தானே கடையில இருந்தாரு? காப்பியெல்லாம் குடிச்சாரு.”

“குடிச்சிட்டு முன்னாடியே வந்துட்டாரு. நீதான் ஆடி அசைஞ்சு வர்றே.” வண்டிச் சாவியை விரலில் சுழற்றினாள். “போகும்போது ஒண்ணு சொன்னாரு. இனிமே இந்த வண்டியை நான்தான் ஓட்டணுமாம். செத்தவங்க வாக்கை மீற முடியுமா?”

சிமியோன் யோசித்தான். ஆவியை வைத்துக்கொண்டால் வண்டி போய்விடும். ஆவியை விரட்டிவிட்டால் ஒருவேளை இரக்கமாவது கிடைக்கும்.

“பிரிஸ்கா, ஆவியுமில்ல ஒண்ணுமில்ல. பைப்பை மாட்டி ஏறி மிதிச்சு உடைச்சது நான்தான்.”

அவள் வண்டியைக் கிளப்பினாள்.

“தெரியும். அதையும் அவர்தான் சொன்னாரு.”