பண்பொழியால் மலையை அளந்தவர்

தலை இன்னும் காயவில்லை. இலஞ்சியைத் தாண்டிச் செங்கோட்டைச் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. அதில் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, நான்காக மடித்த ஒரு காலண்டர் தாள். எந்த ஊரை விட்டுப் போனாலும் நான் திரும்பிப் பார்ப்பதில்லை. எட்டாம் வகுப்பை விட்டபோதும் பார்க்கவில்லை, திருப்பூர் சாயப்பட்டறையை விட்டபோதும் பார்க்கவில்லை, புளியரை பரோட்டாக் கடையை விட்டபோதும் பார்க்கவில்லை. அன்று மட்டும் மூன்று தடவை பார்த்தேன். பின்னால் யாரும் வரவில்லை. வரவும் முடியாது. நூறடி வேகமாக நடந்தால் அந்த மனிதருக்கு மூச்சு நின்றுவிடும்.

உலகத்தின் உயரமான மலைகளில் சைக்கிள் பந்தயம் எப்படி நடத்த வேண்டும் என்று முழுசாகத் தெரிந்த ஒரே ஆள், தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். வாழ்நாளில் அவர் ஏறிய மிக உயரமான இடம் பண்பொழி திருமலை முருகன் கோயில். அதுவும் ஆட்டோவில். ஊர் அவருக்கு வைத்த பெயர் இமயமலை அண்ணாச்சி. சொந்தப் பெயரை நான் கேட்டதில்லை. இமயமலையிடம் போய் இன்னொரு பெயர் யார் கேட்பார்கள்?

பரோட்டாக் கடையிலிருந்து வந்து அவரிடம் வேலை கேட்டேன். ஊர், சாதி, படிப்பு எதையும் விசாரிக்கவில்லை.

"அன்னா தெரியுதுல்லா மைல்கல்லு, அதத் தொட்டுட்டு ஓடியாலே" என்றார்.

ஓடி வந்தேன். என் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். வாடகைக்கு வீடு பார்க்கிறவர் சுவரைத் தட்டுவது போல முதுகைத் தட்டினார். "நல்ல மூச்சுலே. இத வச்சுக்கிட்டா பரோட்டா வீசிட்டு இருந்த?" என்றார். நான் வேலையில் சேர்ந்துவிட்டேன் என்பது அப்புறம்தான் புரிந்தது.

போனில் வெளிநாட்டுப் பந்தயங்களைப் பார்ப்பார். பார்ப்பார் என்பது சரியில்லை, சண்டை போடுவார். வாத்தியார் ஒருவர் பஞ்சரான வண்டியோடு அரைமணி நேரமாக நிற்பார்.

"அண்ணாச்சி, எனக்கு முதல் பீரியடு கணக்கு."

"சார்வாள், கொஞ்சம் இரிங்க. இங்கன ஒரு கூட்டமே மல உச்சியில தூங்கிக்கிட்டே சைக்கிள் மிதிக்குது. அவனுவள எழுப்பிட்டு வாரேன்."

அவருடைய கொள்கையை, தண்ணீர்ச் சட்டியில் டியூபை முக்கிக் குமிழி பார்த்தபடியே எனக்குச் சொல்லித் தந்தார்.

"ஏலே, மேல காத்து கம்மி. முந்திப் பாய்ஞ்சவன் பத்து நிமிசத்துல வாயப் பொளந்துட்டு நிப்பான். அது எல்லாவனுக்கும் தெரியும். அதனால ஒருத்தனும் பாய மாட்டான். வரிசையா, பொறுமையா, சப்பரத்துக்குப் பின்னால போவுத மாதிரி போவான். இந்தக் கூறு கெட்டவனுவ பந்தயத்த உச்சியில கொண்டுபோயி முடிக்கானுவ. பாக்குதவனுக்குக் கொட்டாவி வராம என்ன செய்யும்?"

"அப்போ எங்கன முடிக்கணும்?"

"உச்சிய நடுவுல வைக்கணும்லே. பயப்படாத ஒருத்தன் அங்கன கொஞ்சம் முந்திருவான். அப்புறம் இறக்கம். இறங்க இறங்கக் காத்து கூடும், பின்னால வாரவனுக்குத் தைரியமும் கூடும். தொரத்துவான். பிடிச்சிருவான்னு நெனைக்கும்போது ஒரு சின்ன மேடு வரணும். சின்னதுதான். அந்த மேட்டுலதான்லே கத இருக்கு!"

இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு இழுப்பு வந்துவிடும். சட்டைப் பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து இரண்டு இழுப்பு இழுப்பார். ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார்: "மல ஏறுதவனுக்கு ஏறுத அன்னைக்கு மட்டும்தான் மூச்சு முட்டும். எனக்கு நாப்பது வருசமா முட்டுது. காத்து இல்லாத எடத்தப் பத்தி என்னையவிட யாருக்குலே தெரியும்?"

மாதக் காலண்டர்களின் பின்பக்கமெல்லாம் மலைகள். லடாக், ஆண்டிஸ், பெயர் வாயில் நுழையாத கணவாய்கள். உயரத்தை மீட்டரில் எழுதமாட்டார். அவருடைய அளவு பண்பொழி. அடிவாரத்திலிருந்து கோயில் வாசல் வரை ஏறினால் ஒரு பண்பொழி. "இது பதினாலு பண்பொழிலே" என்று ஒரு கணவாயைக் காட்டும்போது, பதினாலு முருகனையும் கும்பிட்டு இறங்கியவர் போல முகம் இருக்கும்.

காற்று குறைந்த இடத்தில் ஓட்டினால் எப்படி இருக்கும் என்று பார்க்க, என் மூக்கையும் வாயையும் ஈரத்துண்டால் கட்டி ஐந்தருவி ஏற்றத்தில் ஓட்டவிட்டார். வழியில் டீக்கடை அக்கா என்னைப் பார்த்துவிட்டு உள்ளே கத்தினாள்: "ஏட்டி, திரும்பவும் கொரோனா வந்துட்டு போலுக்கே!" மறுநாள் கடைத்தெருவில் பாதிப் பேர் முகக்கவசத்தோடு வந்தார்கள். அண்ணாச்சி கண்டுகொள்ளவில்லை. நான் எந்த வளைவில் மயங்கப் பார்த்தேன் என்பதை மட்டும் குறித்துக்கொண்டார்.

இப்படி இருக்கையில்தான் அந்தக் கோயம்புத்தூர் தம்பி வந்தார். வடக்கே மலைப்பாதைகளில் தொழில்முறை வீரர்களுக்குப் பந்தயம் நடத்தும் ஒரு குழுவில் வேலை பார்ப்பவர். இமாச்சலில் இருக்கும் அந்தப் பதினாலு பண்பொழிக் கணவாயின் பாதையை அண்ணாச்சி வரைந்து போட்டோ எடுத்து, மாதக்கணக்காக அவருக்கு அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறார். சீசனுக்குக் குடும்பத்தோடு குற்றாலம் வருவதாகவும், வந்தால் கடையை எட்டிப் பார்ப்பதாகவும் தம்பி பதில் போட்டார். அந்தப் பதிலை அண்ணாச்சி எனக்கு நாலு தடவை வாசித்துக் காட்டினார்.

"படத்தக் காட்டுனா நம்ப மாட்டான்லே. ஓட்டிக் காட்டணும்."

பால்காரர்கள், பேப்பர் போடுகிறவர்கள், ஒரு கூரியர்காரர், நான். மொத்தம் பத்துப் பேர். கடையிலிருந்து கிளம்பி ஐந்தருவி போக வேண்டும். அதுதான் உச்சி. அங்கிருந்து இலஞ்சிப் பக்கம் இறக்கம், வாய்க்கால் பாலத்தில் சின்ன மேடு, தாண்டினால் கோலப்பொடியில் போட்ட முடிவுக் கோடு. மலைப்பாதையை அப்படியே சுருக்கி வைத்திருந்தார். புறப்படும்முன் என் காதில் சொன்னார்:

"யாரு நின்னாலும் நீ நிக்காதலே. நீ முந்தி வந்தாத்தான் அவனுவ தொரத்துவானுவ. எனக்கு வேற ஆளு இல்ல."

எல்லாம் அவர் சொன்னபடியே நடந்தது. ஏற்றத்தில் எல்லோரும் பயந்தார்கள், நான் முந்தினேன். பத்தடி, இருபதடி. ஐந்தருவி வளைவில் திரும்பும்போது, ஒருவர் தலையில் எண்ணெய் வழிய வழிய ஓடி வந்தார்.

"தண்ணி விழுது! ஏ, தண்ணி விழுது!"

அந்த வருடம் சாரல் பொய்த்திருந்தது. அருவி பாறையாகக் கிடந்து வாரக்கணக்காகிவிட்டது. ஊரே தண்ணீருக்காக வானம் பார்த்துக்கொண்டிருந்தது. பின்னால் திரும்பிப் பார்த்தேன். எட்டு சைக்கிள்கள் சாலையோரம் சாய்ந்து கிடந்தன. ஒன்பதாவது, பால்காரர் செல்லையாவுடையது, என் பக்கத்தில் வந்து நின்றது. அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "ஏலே, ரேஸ நாளைக்கும் ஓட்டலாம். தண்ணி நாளைக்கு இருக்குமா?"

ஒரே ஒரு நிமிடம், தலையை மட்டும் நனைத்துவிட்டுப் போகலாம் என்று இறங்கினேன். குற்றாலத்துத் தண்ணீருக்கு அடியில் ஒரே ஒரு நிமிடம் நின்றவன் எவனாவது இருந்தால் சொல்லுங்கள்.

முடிவுக் கோட்டில் அண்ணாச்சி விசிலை வாயில் வைத்தபடி நின்றிருந்தார். ஊத மூச்சு இல்லாதவர் விசில் வாங்கி வைத்திருந்தார். பக்கத்தில் கோயம்புத்தூர் தம்பி. ரொம்ப நேரம் கழித்து நாங்கள் வந்தோம். பத்துப் பேரும் சேர்ந்து, வரிசையாக, தலையில் துண்டோடு, பேசிச் சிரித்தபடி, சப்பரத்துக்குப் பின்னால் போவது போல. வாய்க்கால் மேட்டில் இறங்கித் தள்ளிக்கொண்டு வேறு வந்தோம்.

தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நல்லவர்தான். சிரித்து முடித்துக் காலண்டர் தாளை விரித்தார்.

"ஐயா, உங்க யோசனை எனக்குப் பிடிச்சிருக்குங்க. ஆனா கணவாய்க்கு அப்புறம் இறக்கத்துல ஒரு மேடு போட்டுக் கேள்விக்குறி வெச்சிருக்கீங்களே, அது அங்க நிஜமாவே இருக்குதுங்களா? நீங்க பார்த்திருக்கீங்களா?"

அண்ணாச்சி விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டார். "இல்ல தம்பி. டாக்டரு என்னையக் கொடைக்கானலுக்கே விடல."

"மேப்ல சரியாத் தெரியலைங்க. அந்த மேடு இல்லீன்னா இந்தப் பாதையே இல்லீங்க. யாராச்சும் நேர்ல பார்த்துட்டு ரெண்டு மாசத்துக்குள்ள சொல்லுங்க. எங்க ஆளுங்ககிட்ட நானே பேசறேன்."

அவர் போய்விட்டார். அண்ணாச்சி திட்டுவார் என்று காத்திருந்தேன். கடைக்குத் திரும்பியதும் தாளை மடித்து ஆணியில் மாட்டினார். ஒரு டியூபைச் சட்டியில் முக்கினார். குமிழி வருகிறதா என்று பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"தலையத் தொவட்டுலே. சளி பிடிச்சா மூச்சு போயிரும்."

கன்னத்தில் ஓர் அறை விட்டிருந்தால் அங்கேயே இருந்திருப்பேன். அவர் உள்ளே மாத்திரை எடுக்கப் போன நேரத்தில், ஆணியிலிருந்த தாளை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு நடந்தேன். தலையைத் துவட்டவில்லை.

செங்கோட்டை தாண்டிப் பண்பொழிக்கு வரும்போது இருட்டப் பார்த்தது. மலைமேல் கோயில் விளக்கு எரிந்தது. நின்று அடியிலிருந்து உச்சி வரை ஒரு தடவை பார்த்தேன். ஒரு பண்பொழி. இன்னும் பதின்மூன்று.

மறுநாள் காலை வடகரையில் ஒரு தேங்காய் மண்டி வாசலில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இமாச்சல் போகிற லாரி. கிளீனர் ஊருக்குப் போய்விட்டதாக டிரைவர் சலித்துக்கொண்டிருந்தார். நான் வருகிறேன் என்றேன்.

"வண்டி வேல தெரியுமாலே?"

"பஞ்சர் ஒட்டுவேன்."

"மலப்பாத. மூச்சு முட்டும். தாங்குவியா?"

"நல்ல மூச்சுன்னு எங்க அண்ணாச்சி சொல்லியிருக்காவ" என்றேன். காலண்டர் தாளை எடுத்து, கண்ணாடிக்கு அடியில், கேள்விக்குறி மேலே தெரிகிற மாதிரி செருகிவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.