வெள்ளவத்தையில் இருநூறு உல்லாசப் பிரயாணிகள்

பல்கலைக்கழக மாணவர்களுக்கு உல்லாசப் பிரயாணத் துறையை அறிமுகஞ்செய்யும் பத்து நாள் செயலமர்வு, நாட்டில் உல்லாசப் பிரயாணிகளே இல்லாத ஒரு வருடத்தில், கொழும்பில் இனிதே ஆரம்பமாயிற்று. குண்டு வெடிக்கிற ஊருக்கு வெள்ளைக்காரன் வரமாட்டான்தான். ஆனாலும் வந்தால் எப்படி வரவேற்பது என்று மாணவர் சமுதாயம் அறிந்திருக்க வேண்டும் என்பது மேலிடத்தின் தீர்க்கமான முடிவு. மங்கள விளக்கு ஏற்றவே முக்கால் மணித்தியாலம் போயிற்று. வாசலில் சோதனை செய்த பொலிஸ்காரர்கள் எல்லோருடைய நெருப்புப்பெட்டியையும் வாங்கி வைத்துவிட்டார்கள்.

எனக்கு உல்லாசமும் வேண்டாம், பிரயாணமும் வேண்டாம். வேண்டியது ஒரு கடிதம். வெள்ளவத்தை லொட்ஜில் தங்கும் யாழ்ப்பாணத்து ஆள் யாராயிருந்தாலும், கொழும்பில் ஏன் நிற்கிறான் என்ற காரணத்தைப் பொலிசில் பதிய வேண்டும். என் காரணம் கம்பஸ், அதாவது பல்கலைக்கழகப் படிப்பு. கம்பஸோ வேலைநிறுத்தத்தில் மூன்று மாதமாகப் பூட்டிக்கிடந்தது. முப்பதாம் திகதிக்குள் புதுக் காரணம் காட்டாவிட்டால் ஊருக்குக் கப்பல் ஏறவேண்டியதுதான். ஏறினால் இறுதிப் பரீட்சைக்குத் திரும்பி வரப் பிரயாணப் பாஸ் கிடைக்காது, மூன்று வருடப் படிப்பு அம்போ. செயலமர்வில் தேறினால் முத்திரை குத்திய கடிதம் தருவார்கள் என்றார்கள். போனேன்.

விரிவுரை செய்தவர் உல்லாசப் பிரயாணத் துறை உதவிப் பணிப்பாளர் கதிர்காமநாதன். யாழ்ப்பாணத்துக் காரைநகர் ஆள். இருபத்தாறு வருடமாகக் கொழும்பு கொட்டாஞ்சேனையில் இருந்துகொண்டு கந்தோர் உத்தியோகம் பார்க்கிறவர். விசிறி ஓடாத மண்டபத்தில் கோட்டைக் கழற்றாமல் நின்று வரைவிலக்கணம் சொன்னார்.

"நிரந்தர முகவரியை விட்டு வேறிடத்தில் ஓரிரவாவது தங்குபவர் உல்லாசப் பிரயாணி. எழுதுங்கோ."

பின்வரிசையில் கனகேஸ்வரி எழும்பினாள். அவளும் லொட்ஜ்தான், வாய் கொஞ்சம் நீளம். "அப்ப சேர், வெள்ளவத்தை லொட்ஜுகளில இருக்கிற நாங்களெல்லாம் உல்லாசப் பிரயாணிகளோ?"

மண்டபம் சிரித்தது. கதிர்காமநாதன் சிரிக்கவில்லை. வருட இலக்கில் காற்பங்கும் எட்டாமல் மேலிடத்தில் பேச்சு வாங்கிக்கொண்டிருந்த மனுசன் அவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கடற்கரை ஹோட்டல்களில நூறு அறையில ஏழுதான் நிரம்பியிருக்கு. உங்கட லொட்ஜில எப்பிடி?"

"அறைக்கு நாலு பேர், சேர். வராந்தாவிலையும் பாய் போட்டிருக்கு."

"இதைத்தான் நாங்கள் இவ்வளவு காலமும் கவனிக்காம விட்டிருக்கிறம்" என்றார் கதிர்காமநாதன். குரல் தழுதழுத்தது.

மறுநாளே கள ஆய்வு. படிவம் எப்படி நிரப்புவது என்று கரும்பலகையில் தன் விபரத்தையே எழுதிக் காட்டினார். நிரந்தர முகவரி காரைநகர், தற்காலிக முகவரி கொட்டாஞ்சேனை. ஊர்க் காணி கைவிட்டுப்போகும் என்ற பயத்தில் அடையாள அட்டையில் முகவரியை அவர் இன்னும் மாற்றவில்லை. ஆளுக்கு இருநூறு பிரயாணிகள் பிடிக்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் கடிதம் இல்லை என்றும் சொன்னார்.

முதலாவதாக என்னையே எழுதிக்கொண்டேன். அடுத்தது எங்கள் லொட்ஜ் அன்னபாக்கியம் அன்ரி. கனடாவில் இருக்கிற மகனிடம் போகப் பதினாலு மாதமாகக் காத்திருக்கிறவ.

"வருகையின் நோக்கம், அன்ரி?"

"உனக்குத் தெரியாதோ? விசா."

"பார்வையிட்ட இடங்கள்?"

"தூதரக வாசல். பாஸ்போட் கந்தோர். பொலிஸ் ரெண்டு தரம்."

"மீண்டும் வர விருப்பமா?"

"தம்பி, சும்மா பகிடி விடாத."

'ஆம்' என்பதில் புள்ளடி போட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. கடிதம் வேண்டுமே.

பின்னேரங்களில் கதிர்காமநாதன் படிவங்களை வகைப்படுத்தினார். விசாவுக்கு நிற்பவர்கள் நீண்டகாலத் தங்கல். திருகோணமலைக்குக் கப்பலில் சத்தியெடுத்தபடி வந்தவர்கள் கடல்வழி உல்லாசம். வவுனியா முகாமில் பதினொரு நாள் பாஸுக்குக் கிடந்தவரை எங்கே போடுவது என்று அரைநாள் யோசித்து, 'இயற்கையோடு இணைந்த தங்கல்' என்றொரு தலைப்பைத் தானே உண்டாக்கினார்.

கடைசி நாள் என்னிடம் நூற்றுத் தொண்ணூற்றொன்பது. மிச்ச லொட்ஜெல்லாம் மற்றவர்கள் வழித்துத் துடைத்துவிட்டார்கள். கொப்பியைப் புரட்டினேன். கரும்பலகையில் இருந்து இறக்கிய மாதிரிப் படிவம் கிடந்தது. அப்படியே பார்த்தெழுதினேன். இருநூறு.

அறிக்கை மேலே போனது. நாட்டில் உல்லாசப் பிரயாணிகள் பெருகிவிட்டதாகப் பேப்பரில் வந்தது. எனக்குக் கடிதமும் வந்தது. இருபத்தொன்பதாம் திகதி அதைத் தூக்கிக்கொண்டு பொலிசுக்குப் போனேன்.

சார்ஜன்ட் எழுந்து நின்று கைகூப்பினார். அவர்களுக்கும் வரவேற்பு முறை பற்றி அரைநாள் செயலமர்வு நடந்திருந்தது. பிறகு என் கடிதத்தை ஓரமாக வைத்துவிட்டு ஒரு கோவையை எடுத்தார். என் கையெழுத்தோடு என் பட்டியல்.

"முதலாம் இலக்கம் நீங்கள்தானே? உல்லாசப் பிரயாணி தங்க முப்பது நாள்தான் அனுமதி. நீங்கள் வந்து மூன்று வருசம்."

"நான் மாணவன், ஐயா."

"கம்பஸ் பூட்டியிருக்கிறது. இது உங்கள் கையெழுத்து." சிரித்த முகம் மாறாமல், உட்காரச் சொல்லி வாங்கைக் காட்டினார்.

வாங்கில் கதிர்காமநாதன் கோட்டோடு இருந்தார். பக்கத்தில் விசாப் பையை மடியில் வைத்தபடி அன்னபாக்கியம் அன்ரி.

"தம்பி, என்ர பேரும் பட்டியலில இருக்காம். இருநூறாவது ஆள்" என்றார் கதிர்காமநாதன். "எந்த மடையன் எழுதினானோ தெரியேல்லை."

நான் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தேன்.

"என்ன தம்பி, சுத்திப் பாத்து முடிஞ்சுதோ?" என்றா அன்னபாக்கியம் அன்ரி.

சார்ஜன்ட் எங்கள் மூவரையும் ஊருக்கு அனுப்பப் புறப்பாட்டுப் படிவம் கொண்டுவந்தார். கதிர்காமநாதன் தயாரித்த அதே படிவந்தான், தலைப்பு மட்டும் வேறு. ஒவ்வொன்றாக வாசித்துத் தானே நிரப்பினார். 'மீண்டும் வர விருப்பமா' என்ற இடம் வந்ததும் மூன்று பேரும் ஒன்றாக "ஓம்" என்றோம்.

அவர் எங்களைக் கேட்கவில்லை. 'இல்லை' என்பதில் புள்ளடி போட்டுவிட்டு, கையெழுத்து வைக்கப் பேனையை முதலில் என்னிடம் நீட்டினார்.