முன்னூற்றுப் பதினெட்டாம் நம்பர் மரம்

ஒரு மரத்தை வெட்டாமல் விட எத்தனை பேர் வேண்டும், சொல்லுங்கள் பார்க்கலாம்? யாருமே வேண்டாம், சும்மா விட்டாலே போதும் என்றுதானே சொல்ல வந்தீர்கள்? தப்பு. குறைந்தது இரண்டு பேர் வேண்டும். அதுவும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்கப் பிடிக்காத இரண்டு பேர்.

ஒரு காட்டில் இரண்டு இருவாச்சிப் பறவைகள் குடித்தனம் நடத்தி வந்தன. புருஷன் பெயர் செங்கோடன், பெண்டாட்டி பெயர் பாவாயி. இருவாச்சிகளின் பிரசவ வழக்கம் கொஞ்சம் கடுமையானது. பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்து, மண்ணையும் எச்சத்தையும் குழைத்துத் தன் கையாலேயே வாசலை அடைத்துக்கொள்ளும். கை இல்லை, மூக்கு. மூக்கு நுனி நுழைகிற அளவுக்கு ஒரு சந்து மட்டும் விடும். உள்ளே போனதும் இறகெல்லாம் கொட்டிவிடும். முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, இறகு மறுபடி முளைத்து வெளியே வர நாலு மாதம் ஆகும். அதுவரை புருஷன்தான் பழம் தேடிக்கொண்டு வந்து சந்து வழியாக ஊட்ட வேண்டும். எல்லா வீட்டிலும் இந்த வழக்கம் வந்தால் நன்றாகத்தான் இருக்கும். அது வேறு கதை.

தை பிறந்ததும் பாவாயி உள்ளே போனாள். மாசியில் ஒரு குஞ்சு பொரித்தது. பங்குனி பிறந்த அன்று, அத்திப்பழத்தோடு வந்த செங்கோடன் ஊட்டாமல் நின்றான்.

"என்னங்க, பழத்தை வாயிலயே வெச்சுக்கிட்டு நிக்கறீங்க?"

"நம்ம மரத்துல வெள்ளைப் பெயின்ட்ல நம்பர் எழுதியிருக்காங்க, பாவாயி. முன்னூத்திப் பதினெட்டு."

"நம்பர்தானே? எழுதிட்டுப் போறாங்க."

"நம்பரைச் சுத்தி வட்டமும் போட்டிருக்காங்க. வட்டம் போட்டா வெட்டுவாங்களாம். வர்ற இருபதாம் தேதி."

பாவாயி குஞ்சைப் பார்த்தாள். அதற்கு நேற்றுத்தான் கண் திறந்திருந்தது. தன் இறக்கையைப் பார்த்தாள். உரித்த கோழி மாதிரி இருந்தது. பொந்து இருக்கிற உயரமோ எட்டு ஆள் உயரம்.

"சித்திரை முடியாம நாங்க ரெண்டு பேரும் வெளிய வர முடியாதுங்க. மரம் வெட்ட அனுமதி குடுக்கற ஆபீஸ்ல போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றாள்.

செங்கோடன் போனான். ஆபீஸில் வரிசை பெரிதாக இருந்தது. அவனுக்கு முன்னால் ஒரு கீரி, பின்னால் ஒரு பாம்பு. இரண்டும் டோக்கன் வாங்கியிருந்ததால் சண்டை போடவில்லை. மத்தியானம் அவன் முறை வந்தது. குமாஸ்தா முள்ளம்பன்றி தன் முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கிக் காகிதத்தில் குத்திக்கொண்டே, "என்ன வேணும்?" என்றது.

"எங்க மரத்தை வெட்டக் கூடாதுங்க."

"வெட்டறதுக்கு மனுப் பாரம் இருக்கு. வெட்டாம இருக்கறதுக்குப் பாரம் கிடையாது."

செங்கோடன் வெட்டுகிற பாரத்தையே வாங்கிப் படித்தான். 'எதற்காக?' என்ற கேள்விக்குக் கீழே வரிசையாகக் கட்டங்கள் இருந்தன. தோட்டம் போட, மாடு மேய்க்க, ரோடு போட, தடிமரம் விற்க, சுரங்கம் தோண்ட, அணை கட்ட, விடுதி கட்ட. ஏழு கட்டங்கள்.

"சும்மா நிக்கட்டும்னு ஒரு கட்டம் இல்லீங்களா?"

"சும்மா நிக்கறதுக்கு எதுக்குய்யா பாரம்?"

"சும்மா நிக்க விட மாட்டேங்கறாங்களே!"

"அதுக்குத்தான் பாரம்" என்றது முள்ளம்பன்றி. "முன்னூத்திப் பதினெட்டைக் காட்டுப்பன்றி கேட்டிருக்குது. காரணமும் சரியா எழுதியிருக்குது. அந்த இடத்துல மரம் நடப் போகுதாம்."

"மரத்தை வெட்டிட்டு மரமா?"

"பாமாயில் மரம். அடுத்த ஆள்!"

செங்கோடன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தான். பாவாயி அழவில்லை. குஞ்சின் வாயைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"அங்க வேற என்னென்ன பார்த்தீங்க?"

"என்னத்தப் பார்த்தேன். மூலையில ஒரு காகிதக் கட்டு கிடந்துச்சு. அது மேல கறையான் புத்தே கட்டியிருக்குது. இடுப்பு உசரம்."

"யாரு கட்டு?"

"ஓடைக்கரை அத்திமரத்தோடது. நரி ஒரு பக்கம், செந்நாய் ஒரு பக்கம் கேட்டுச்சாம். விசாரணை முடியற வரைக்கும் யாரும் தொடக் கூடாதுன்னுட்டாங்க. அது ஆச்சு ஒன்பது வருஷம்."

"அந்த மரம்?"

"ஜம்முன்னு நிக்குது. காலையில கொண்டாந்த பழமே அங்க பொறுக்கினதுதான்."

பாவாயி சந்து வழியாக ஒற்றைக் கண்ணால் புருஷனையே பார்த்தாள். "ஏனுங்க, நீங்க காட்டெருமை வீட்டுக்குப் போங்க."

"போய்? எனக்குப் பொய் சொல்ல வராது, பாவாயி."

"பொய்யே சொல்ல வேண்டாம். முன்னூத்திப் பதினெட்டைப் பன்றி கேட்டிருக்குதுன்னு மட்டும் சொல்லிட்டு வந்துருங்க. மத்ததெல்லாம் தானா நடக்கும்."

செங்கோடன் போய் அப்படியே சொன்னான். காட்டெருமை மென்றுகொண்டிருந்த புல்லைத் துப்பியது.

"பன்றிக்கா? நான் முதுகு சொறியற மரம் அது!"

"அப்ப வெட்ட வேண்டாம்னு சொல்லுங்கண்ணா" என்றான் செங்கோடன், ஆசையாக.

"வெட்ட வேண்டாம்னா? வெட்டறதா இருந்தா நான் வெட்டறேன். அந்த எடத்துல புல்லு போட்டா என் மந்தைக்கு ஆகும்." அன்றைக்கே மேய்ச்சல் கட்டத்தில் டிக் அடித்து மனுக் கொடுத்துவிட்டது.

அடுத்த நாள் எதிரே வந்த கருங்குரங்கிடம் செங்கோடன் வாயைத் திறக்கக்கூட இல்லை. விஷயம் கிளை வழியாக ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தது. "ரெண்டு பேரு கேக்கறாங்கன்னா அதுல என்னமோ இருக்குது" என்று குரங்கும் ஒரு மனுவைப் போட்டது. விடுதி கட்ட, விடுதிக்கு ரோடு போட. இரண்டு கட்டத்திலும் டிக்.

பங்குனி இருபதாம் தேதி வெட்டுகிற யானை வந்தது. மரத்தடியில் ஒரே கூச்சல்.

"நான்தான் மொதல்ல கேட்டவன்!" என்றது பன்றி.

"கேட்டா? நீ பொறக்கறதுக்கு முன்னாலயே நான் இதுல சொறிஞ்சவன்!" என்றது காட்டெருமை.

"ரெண்டு பேரும் கீழதானே நிக்கறீங்க? மேல ஏறத் தெரிஞ்சவனுக்குத்தான் மரம்" என்றது குரங்கு.

யானையோடு வந்திருந்த முள்ளம்பன்றி மூன்று மனுவையும் ஒரே முள்ளில் கோத்தது. "இது தகராறு மரம். விசாரணை முடியற வரைக்கும் யாரும் தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டு, கட்டைக் கறையான் மூலையில் போடச் சொன்னது.

உள்ளே பாவாயிக்கு மூச்சு வந்தது. ஆனால் கீழே பேச்சு முடியவில்லை.

"இந்த ஒண்ணை விடுங்க" என்றது முள்ளம்பன்றி. "மத்த மரத்துக்கெல்லாம் எதுக்கு மனஸ்தாபம்? மூணு பேரும் ஒரே காட்டுல பொறந்து வளர்ந்தவங்க. ஒத்துமையாப் பிரிச்சுக்குங்களேன்."

மூன்றும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டன. ஒரு டீ குடிக்கிற நேரம் ஆகவில்லை. கிழக்குச் சரிவு பன்றிக்கு, மேற்குச் சரிவு காட்டெருமைக்கு, நடுவில் ரோடும் விடுதியும் குரங்குக்கு. கட்டிப் பிடித்துக்கொண்டன. பன்றி அழுதேவிட்டது.

யானை வேலையை ஆரம்பித்தது. முதலில் முன்னூற்றுப் பதினேழு விழுந்தது. பிறகு முன்னூற்றுப் பத்தொன்பது. ஒவ்வொரு தடவையும் பொந்து குலுங்கியது. பாவாயி இறகில்லாத இறக்கையால் குஞ்சை மூடிக்கொண்டாள்.

"என்ன சத்தம்மா?"

"பக்கத்து வீட்டுக்காரங்க காலி பண்றாங்க, சாமி. நீ தூங்கு."

செங்கோடன் நாளுக்கு நாள் தூரமாகப் போய்ப் பழம் கொண்டுவந்தான். இளைத்துவிட்டான். காலையில் போனால் வெயில் சாயும்போது வந்தான்.

சித்திரை முடிந்தது. பாவாயிக்கு இறகு முளைத்தது. உள்ளிருந்து அவளும் வெளியிலிருந்து அவனுமாகச் சுவரைக் கொத்தி உடைத்தார்கள். நாலு மாதத்துக்குப் பிறகு பாவாயி தலையை வெளியே நீட்டினாள்.

ஒரு பக்கம் பாமாயில் கன்றுகள், வரிசை தப்பாமல். இன்னொரு பக்கம் புல். நடுவில் ரோடு. ரோட்டோரத்தில் 'காட்டுக்குள் ஒரு நாள், சாப்பாட்டுடன்' என்று குரங்கு வைத்த போர்டு. எல்லாவற்றுக்கும் நடுவே, முன்னூற்றுப் பதினெட்டு மட்டும் தனியாக நின்றது.

"ஜெயிச்சுட்டோம், பாவாயி!" என்றான் செங்கோடன்.

குஞ்சும் தலையை நீட்டியது. "அம்மா, காடு காடுன்னு சொன்னியே, எங்கம்மா?"

பாவாயி ஆற்றுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். அங்கே ஒரு மலைச்சரிவு இன்னும் கருகருவென்று இருந்தது.

"ஏனுங்க, அக்கரையில நம்பர் போட்டாச்சா?"

"நேத்துத்தான் போட்டாங்க. எல்லாத்துலயும் வட்டம்."

"யாரு கேட்டிருக்கா?"

"பன்றி மட்டும்தான். இந்தத் தடவை வேற யாரும் கேக்கலை."

பாவாயி புது இறக்கையை ஒரு உதறு உதறினாள். குஞ்சை உள்ளே தள்ளி உட்கார வைத்தாள்.

"அப்படீன்னா பொழுது சாயறதுக்குள்ள காட்டெருமை வீட்டுக்கு ஒரு எட்டுப் போயிட்டு வந்துருங்க. இந்தத் தடவை மரம் மரமாச் சொல்லுங்க. ஒரு நம்பரும் விட்டுறாதீங்க."

நீதி: விலங்குகள் ஒற்றுமையாக இருந்த இடத்தில் ஒரு மரமும் மிச்சமில்லை. ஆகவே, மரம் வளர்க்க நேரமில்லாதவர்கள் தயவுசெய்து சண்டையாவது வளர்க்கவும்.