மேட்டுக்கு மூன்று ஜோடி

பி.ஏ. படித்தவனுக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வாய் வராது. நான் பி.ஏ.

என் மாமாவின் காரை அஸ்தம்பட்டியில், மேடில்லாத சாலையாகப் பார்த்து ஒரு வாரம் ஓட்டியிருந்தேன். முன்னால் போக மூன்று கியர், பின்னால் போக ஒன்று. முதலாவதில் கார் ஊர்ந்தது, மூன்றாவதில் பறந்தது. யாரையும் கேட்காமல் நானே ஒரு முடிவுக்கு வந்தேன். மேட்டில் பாரவண்டிக்குக் கூடுதலாக ஒரு ஜோடி மாடு பூட்டுவார்களே, அதுதான் கியர். மூன்று என்றால் மூன்று ஜோடி.

அப்போதுதான் சேந்தமங்கலம் பக்கமிருந்து எனக்குப் பேசிக்கொண்டிருந்த பெண்ணின் தகப்பனார் எங்கள் வீடு பார்க்க வந்தார். பதிலை ஊருக்குப் போய்ச் சொல்வதாகச் சொன்னார். பதில் நல்லதாக வரட்டுமே என்று அவரை நானே காரில் கொண்டுபோய் விடக் கிளம்பினேன். (மாமாவின் டிரைவருக்குக் காய்ச்சல். அதை அதிர்ஷ்டம் என்று நினைத்தேன்.)

அவர் ஊருக்கு அரை மைல் முன்னால் ஒரு வறண்ட ஓடை. அக்கரை மேட்டில் மூன்றாவது கியரைப் போட்டேன். கார் இருமியது, நின்றது, பின்னால் உருண்டது. நான்கு முறை ஏறினேன். நான்கு முறையும் ஓடைக்கே வந்து சேர்ந்தேன். அவர் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தார்.

"எத்தன ஜோடி பூட்டியிருக்கீங்க தம்பி?" என்றார். என் தத்துவத்தை வழியிலேயே அவருக்கு விளக்கியிருந்தேன்.

"மூணும் பூட்டிட்டனுங்க."

"அப்பறமும் இழுக்கலீங்களா? படுத்துக்கிச்சாட்ட இருக்குது."

சம்பந்தம் போயிற்று என்றே முடிவு கட்டினேன். வேறு வழியாகப் போகலாம் என்று அவரை ஏற்றிக்கொண்டு ஓடைக்குள்ளேயே காரைத் திருப்பினேன். திருப்பம் போதவில்லை. கொஞ்சம் பின்வாங்கப் பின் கியரைப் போட்டதுதான் தாமதம், கார் கடகடவென்று பின்பக்கமாகவே மேடேறி உச்சியில் போய் நின்றது. (வேகம் குறைந்த கியருக்குத்தான் இழுவை அதிகம், பின் கியரும் அந்த இனம்தான் என்று காய்ச்சல் தெளிந்த டிரைவர் பிறகு சொன்னார்.)

திருப்பினால் மறுபடி உருண்டுவிடுமோ என்று பயந்து, மீதி அரை மைலையும் பின்னோக்கியே ஓட்டினேன். அவர் கழுத்தைத் திருப்பிக்கொண்டு சோத்தாங்கைப் பக்கம், பீச்சாங்கைப் பக்கம் என்று வழி சொன்னார். வாசலில் எல்லாரும் கூடிவிட்டார்கள். பெண்ணும் நின்றாள்.

தகப்பனார் இறங்கி வேட்டியை உதறிக்கொண்டு மனைவியிடம் சொன்னார்: "மூஞ்சி எந்தப் பக்கம் இருந்தா என்ன? நடுவழியில உட்டுப்போட்டுப் போகாம ஊடு கொண்டாந்து சேத்துட்டாரு. பையன் தேவலாம். தேதி பாத்துரலாம்."



வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும் என் மனைவி இன்றும் என்னை இப்படித்தான் அறிமுகம் செய்கிறாள்: "பொண்ணு பாக்க வந்தப்ப எல்லாரும் மொதல்ல மொகத்தக் காட்டுவாங்க. இவரு முதுகக் காட்டுனாருங்க."