ஆப்பிரிக்காவுக்கு நான் ஆயத்தமான கதை

ஆப்பிரிக்காவுக்குப் போவது என்று தீர்மானித்தேன். தனியாக.

'தனியாக' என்பதை மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். மற்றதை மட்டும் என் மனைவி ஃப்ளோரன்ஸ் காதில் விழும்படி சொன்னேன்.

நான் சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார். வருஷா வருஷம் ஆப்பிரிக்காவைக் கரும்பலகையில் வரைந்து, நைல் நதியை நீலச் சாக்பீஸால் இழுத்து, மணி அடித்ததும் துடைத்துவிட்டு வீட்டுக்கு வருகிறவன். நேரில் நான் பார்த்த ஆகத் தொலைவான தேசம் செங்கல்பட்டு.

அப்படிப்பட்டவனுக்கு நைரோபியிலிருந்து அழைப்பு வந்தது. ஃப்ளோரன்ஸின் தம்பி லூயிஸ் அங்கே ரயில்வேயில் வேலையாக இருக்கிறான். யுத்தத்துக்கு முன்னால் கப்பல் ஏறியவன். யுத்தம் முடிந்து, சுதந்திரமும் வந்து, இன்னும் அவன் ஊர் வந்த பாடில்லை. கோடை விடுமுறைக்கு வரச்சொல்லி எழுதியிருந்தான். லாரியில் காட்டுக்கு அழைத்துப்போய்ச் சிங்கம், ஒட்டகச்சிவிங்கி எல்லாம் காட்டுவானாம். அதற்கு அந்த ஊர்ப் பாஷையில் சபாரி என்று பெயராம். ஒரே ஒரு சங்கடம். பம்பாயில் கப்பலில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்த சமயம் அது. அவனால் ஒரு இடம்தான் சொல்லிவைக்க முடிந்தது. "அக்காவோ, மச்சானோ, யாராவது ஒருத்தர் வாருங்கள்" என்று முடித்திருந்தான்.

அக்காவோ, மச்சானோ! அந்த இரண்டு 'ஓ'வில் முதல் 'ஓ'தான் எனக்கு இடைஞ்சல். தாய் போனபிறகு அவனைத் தூக்கி வளர்த்தவள் ஃப்ளோரன்ஸ். நியாயம் அவள் பக்கம் இருந்தது. ஆகவே நியாயத்தைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் சிங்கத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன்.

"ஃப்ளோரா, அது என்ன ஊட்டியா, கொடைக்கானலா? ஆப்பிரிக்கா! சிங்கம் கூடாரத்துக்குள்ளே எட்டிப் பார்க்குமாம்."

"ஐயோ!"

"கொசு கடிச்சா காய்ச்சல். ஈ கடிச்சா தூக்கம். தூங்கினவன் எழுந்திருக்கிறதே கிடையாது."

"மாதாவே!"

"பொம்பளைங்களுக்கு அது ஒத்துவராது."

"சத்தியமா ஒத்துவராதுங்க. நீங்களே போயிட்டு வாங்க."

நான் தயார் செய்து வைத்திருந்த வாதங்களில் பாதிகூடச் செலவாகவில்லை. முதலையை நான் இன்னும் வெளியே விடவே இல்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் முதல் பேச்சிலேயே என்னோடு ஒத்துப்போனது அன்றைக்குத்தான். எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சந்தோஷம் வந்தது.

"ஆனா ஒண்ணுங்க," என்றாள். "அப்படிப்பட்ட ஊருக்கு உங்களைச் சும்மா அனுப்ப எனக்கு மனசு வரலை. எல்லாத்தையும் இங்கேயே பழகிக்கிட்டுப் போங்க. சவாரின்னா லேசா?"

"சவாரி இல்லே, சபாரி."

"ஏதோ ஒண்ணு. கீழே விழாம இருந்தா சரி."

மறுநாளே அக்பர் பாஷாவை வரவழைத்தாள். பாஷா எங்கள் தெருக்கோடியில் கடை வைத்திருப்பவர். யுத்தம் முடிந்து பட்டாளத்தார் கழித்துப்போட்ட சாமான்களை வாங்கி விற்கிறார். குடியிருப்பது எங்கள் அடுத்த வீட்டில். அவர் மனைவி அஸ்மத்துன்னிசா கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கமும் ஃப்ளோரன்ஸ் இந்தப் பக்கமும் நின்று பேசிப் பேசியே அந்தச் சுவரின் சுண்ணாம்பு உதிர்ந்துவிட்டது.

"பாஷா பாய் பட்டாளத்துல இருந்தப்ப ஆப்பிரிக்காவெல்லாம் பார்த்தவருங்க," என்றாள் ஃப்ளோரன்ஸ்.

பாஷா அவளை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஆமா சார். இன்னா ஊரு அது! சிங்கம் அங்க நம்ம ஊரு நாய் மாறி. தெருவுல படுத்துகினு கீது."

"நிஜமாவா?"

"நான் இன்னாத்துக்கு சார் பொய் சொல்றேன்? அங்க போறதுக்கு மொதல்ல நடை வேணும். பூட்ஸு போட்டுகினு, தொப்பி வச்சிகினு, உச்சி வெயில்ல மணல்ல நடக்கணும். கொசுக் காய்ச்சல் வராம கொயினா மாத்திரை துன்னணும். அப்பால, மரம் ஏறணும்."

"மரமா?"

"பின்ன? சிங்கம் தொரத்தினா மாடிப்படி தேடுவியா நீ?"

ஃப்ளோரன்ஸ் கவலையோடு தலையை ஆட்டினாள்.

பூட்ஸ் வந்தது. அவளே பாஷா கடைக்குப் போய்ப் பொறுக்கி எடுத்து வந்தாள். காலை உள்ளே விட்டேன். முக்கால் கால்தான் போயிற்று. மீதியைத் தள்ளி, உதைத்து, செபமாலை சொல்லி நுழைத்தேன்.

"சின்னதா இருக்கே, ஃப்ளோரா."

"தோல்தானேங்க. போடப் போட இளகும்."

"தோல் இளகுமா, கால் இளகுமா?"

"ரெண்டுல ஒண்ணு இளகும்."

சனிக்கிழமை மத்தியானம் புறப்பட்டேன். காக்கி அரைக்கால் சட்டை. தலையில் துரைமார் வெயிலுக்கு வைக்கும் சோலாத் தொப்பி. தோளில் தண்ணீர்ப் புட்டி. முதுகில் சுருட்டிய கொசுவலை. சாந்தோம் கோயிலுக்குப் பின்னால் கடற்கரையில் இறங்கி அடையாற்று முகத்துவாரம் வரை மணலில் நடக்கவேண்டும் என்பது உத்தரவு. வழியில் மீன்பிடிக் குப்பத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவன் எழுந்து சலாம் வைத்தான்.

"இன்னா நைனா, மறுபடியும் யுத்தமா?"

"இல்லேப்பா. ஆப்பிரிக்கா போறேன்."

"இப்டி நடந்தேவா?"

முகத்துவாரம் போய்ச் சேர்ந்தபோது எனக்குக் கால் என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை. பூட்ஸைக் கழற்றினேன். அப்போது தெரிந்தது. மறுபடி மாட்ட முடியவில்லை. ஒரு ஜட்கா வண்டியைப் பிடித்து, பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டு, கால்களை வெளியே நீட்டியபடி வீடு வந்தேன். எனக்குச் சற்று முன்னால்தான் ஃப்ளோரன்ஸும் எங்கேயோ போய்விட்டுத் திரும்பியிருந்தாள். நல்ல புடவையில் இருந்தாள். என் காலைப் பார்த்தாள். 'த்சொ' என்றாள். உப்புப் போட்டு வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். என் கண் கலங்கிவிட்டது.

"வண்டியில வந்தா கணக்குல சேராதுங்க," என்றாள். "நாளைக்கு மறுபடியும் நடங்க."

அடுத்தது கொயினா. அதைக் கசப்பு என்று சொன்னால் பாகற்காய் கோபித்துக்கொள்ளும். கசப்பைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். காதுதான் போயிற்று. இரண்டு காதுக்குள்ளும் இரண்டு ரயில் எஞ்சின்கள் புறப்படாமல் நின்றுகொண்டே ஊதின.

"சாப்பாடு ஆச்சுங்க," என்பாள்.

"சாக்காடா? யாருக்கு?"

"மீன் குழம்பு!"

"ஏன் புலம்பு? நான்தானே புலம்பணும்!"

பள்ளிக்கூடத்தில் இன்னும் மோசம். தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு அனுதாபமாக, "உடம்பு சரியில்லே போலிருக்கே, லீவு வேணுமா?" என்றார்.

"தீவுதான் சார், மடகாஸ்கர்," என்றேன். "அதிலென்ன சந்தேகம்?"

அவர் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்.

வீட்டுக்கு வந்தால் மரம். எங்கள் கொல்லையில் ஒரு மாமரம் உண்டு. அதில் காய் கொஞ்சம், செவ்வெறும்பு அதிகம். ஏணியைத் தேடினேன். காணோம்.

"காட்டுல ஏணி ஏதுங்க?" என்றாள் ஃப்ளோரன்ஸ். "பாஷா பாய் கண்டிப்பாச் சொல்லிட்டார்."

ஏறினேன். எப்படி ஏறினேன் என்று கேட்காதீர்கள். அரைக்கால் சட்டையில் பாதியும் முழங்கால் தோலில் கொஞ்சமும் அடிமரத்திலேயே தங்கிவிட்டன. முதல் கிளையில் உட்கார்ந்து கீழே பார்த்தேன். தலை சுற்றியது. ஃப்ளோரன்ஸ் மரத்தடியில் மணையைப் போட்டு உட்கார்ந்து முறத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏறியாச்சு. இறங்கட்டுமா?"

"இறங்காதீங்க. கீழே சிங்கம்."

"எங்கே சிங்கம்?"

"இப்ப நான்தாங்க சிங்கம்."

"அது எனக்கு ரொம்ப நாளாத் தெரியும்."

"அப்ப அங்கேயே இருங்க. சிங்கம் ஒரு இடத்துல உட்கார்ந்தா லேசுல எழுந்து போகாதாம்."

முதல் எறும்பு முழங்காலில் கடித்தது. இரண்டாவது சட்டைக்குள் போயிற்று. அது போய்ச் சொந்தபந்தங்களுக்கெல்லாம் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும்.

"ஐயோ, எறும்பு!"

"உஸ்! சத்தம் போட்டா சிங்கத்துக்குத் தெரிஞ்சிடும்."

"அந்தச் சிங்கம் மொச்சை உரிச்சுக்கிட்டு இருக்குடி!"

சுவருக்கு மேலே அஸ்மத்துன்னிசாவின் முக்காடு தெரிந்தது. "இன்னா ஃப்ளோரன்ஸ், ஊட்ல சத்தம்? சார் எங்க?"

"ஆப்பிரிக்காவுல இருக்காருக்கா."

அந்த அம்மாள் மேலே பார்த்தாள். முக்காட்டை வாயில் பொத்திக்கொண்டு மறைந்தாள். சுவருக்கு அப்பால் சிரிப்புச் சத்தம் கேட்டது. கொயினாவையும் மீறிக் கேட்டது.

அப்போதுதான் ஒரு எறும்பு, நான் இங்கே எழுத முடியாத ஓரிடத்தில் கடித்தது. என் வைராக்கியம் அந்த இடத்தில் உடைந்தது.

"எனக்கு ஆப்பிரிக்காவே வேண்டாம்!" என்று கத்தினேன். "நீ போ!"

மொச்சை உரிக்கிற கை நின்றது.

"யாரு, நானா? பொம்பளைங்களுக்கு ஒத்துவராதுன்னு சொன்னீங்களே?"

"வரும்! பேஷா ஒத்துவரும்!"

"சிங்கம் கூடாரத்துல எட்டிப் பார்க்குமாமே?"

"பார்த்துட்டுப் போயிடும். பாவம், அதுக்கு வேற பொழுதுபோக்கு ஏது?"

"ஈ கடிச்சா தூக்கமாமே?"

"நல்லதாப் போச்சு. நீ தூங்கி எத்தனை நாளாச்சு, எப்பப் பார்த்தாலும் அடுப்படின்னு!"

"எனக்குப் பயமா இருக்குங்க. உங்களை விட்டுட்டு எப்படிங்க..."

"உன் தம்பியைப் பார்க்க வேண்டாமா? எத்தனை வருஷமாச்சு! நீ தூக்கி வளர்த்த பிள்ளையில்லையா? இந்நேரம் எப்படி இளைச்சிருக்கானோ!"

தரையில் நின்றபோது நான் வாயே திறக்காத நியாயத்தை மரக்கிளையில் தொங்கிக்கொண்டு முழுசாகப் பேசினேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது ஒன்று மட்டும் நடிப்பில்லை என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

"நீங்க இவ்வளவு வற்புறுத்தறீங்க," என்றாள். "சரி, உங்களுக்காகப் போறேன்."

பிறகு எழுந்து, குளியலறைக்குப் பின்னால் சாத்தியிருந்த ஏணியைக் கொண்டுவந்தாள்.

அன்று மாலை உடம்பெல்லாம் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனசுக்குள் ஒரு நிம்மதி. ஒரு தியாகம் செய்தவனின் மிதப்பு. அதோடு கொஞ்சம் கவலையும்.

"ஃப்ளோரா, கப்பல் ஏற மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போடணுமே. நாள் இருக்கா?"

"போட்டு வீக்கம்கூட வத்திடுச்சுங்க."

"எப்போ?"

"நீங்க அடையாறு நடந்தீங்களே, அன்னைக்கு. நானும் அஸ்மத் அக்காவும் கிண்டியில ஊசி போடற இடத்துக்குப் பஸ்ஸுல போயிட்டு வந்தோம்."

"பாஸ்போர்ட்?"

"லூயிஸ் கப்பல்ல இடம் பார்க்கறேன்னு முன்னாடி எனக்கு எழுதினப்பவே எடுத்துட்டேன்."

எனக்கோ நடையிலும் மாத்திரையிலும் பாஸ்போர்ட்டின் ஞாபகமே வந்திருக்கவில்லை. அவள் என் எதிரிலேயே அந்தப் பூட்ஸை எடுத்துக் காலில் மாட்டினாள். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கிற்று. எழுந்து நாலடி நடந்து பார்த்தாள்.

"புதுசுல கொஞ்சம் கடிச்சிருக்கும்," என்றாள். "நல்லவேளை, நீங்க இளக்கிக் குடுத்தீங்க."

எண்ணெய் உடம்போடு பாஷா கடைக்கு ஓடினேன். "பாஷா, நீர் ஆப்பிரிக்காவில் எந்த ஊரில் இருந்தீர்?"

"ஆப்பிரிக்காவா? நான் எங்க சார் போனேன்? யுத்தம் பூரா ஆவடி டிப்போவுல டயர் அடுக்கிகினு இருந்தேன்."

"பின்னே நடை, மாத்திரை, மரம்?"

"அம்மாதான் சார் அப்டி சொல்லச் சொன்னாங்க." சற்று யோசித்து, பெருமையோடு சேர்த்துக்கொண்டார். "தெருவுல சிங்கம் படுத்துகினு கீதுன்னேனே, அது மட்டும் நம்ம சொந்தச் சரக்கு."

சென்ட்ரல் ஸ்டேஷனில் பம்பாய் மெயிலில் அவளை ஏற்றிவிட்டேன். நைரோபிக்குத் திரும்பிக்கொண்டிருந்த லூயிஸின் சிநேகிதர் குடும்பம் துணைக்குப் போயிற்று. கோடை முழுவதும் நான் சுடுசாதம் வடிக்கப் பழகினேன். அவள் கறுத்து, மினுமினுத்து, பத்து வயசு குறைந்து திரும்பி வந்தாள். சிங்கம் பார்த்தாளாம். ஒட்டகச்சிவிங்கி அவள் தொப்பியை மோந்து பார்த்ததாம். லூயிஸ் அத்தனையையும் போட்டோ பிடித்து, கண்ணாடிச் சில்லில் ஏற்றி, சுவரில் விழவைக்கும் விளக்குப் பெட்டியோடு கொடுத்தனுப்பியிருந்தான்.

அப்புறம் என்ன? முதலில் எங்கள் கோயில் மாதர் சபை, பிறகு மயிலாப்பூர், அடையாறு என்று எல்லோரும் ஃப்ளோரன்ஸைப் பேசக் கூப்பிட்டார்கள். அவள் மேடையில் நின்று ஆப்பிரிக்காவைப் பற்றிப் பேசுவாள். நான் பின்னால் இருட்டில் விளக்குப் பெட்டியோடு உட்கார்ந்திருப்பேன். "அடுத்த படம்" என்பாள். மாற்றுவேன்.

போன வாரம் தியாகராய நகர் மாதர் சங்கம். மண்டபம் நிறையக் கூட்டம். கேள்வி நேரத்தில் ஒரு பெண், "கிளிமஞ்சாரோ மலை எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். என் வாழ்நாள் முழுதும் வருஷந்தோறும் நான் சொல்லிக்கொடுக்கிற பாடம்! எழுந்து வாயைத் திறந்தேன்.

"விளக்கைப் பார்த்துக்கோங்க, புகையுது," என்றாள் ஃப்ளோரன்ஸ்.

கூட்டம் முடிந்தது. சங்கத் தலைவி சுந்தரவல்லி அம்மாள் ஃப்ளோரன்ஸுக்கு மாலை போட்டாள். படங்களைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்த என்னைக் கண்ணாடி வழியாக ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்க விளக்குக்காரர் கச்சிதமா வேலை செய்யறார். வடபழனியில எங்க கூட்டத்துல சுகாதாரப் படம் காட்ட ஆள் இல்லே. இவரை மட்டும் அனுப்பி வைப்பீங்களா?"

ஃப்ளோரன்ஸ் என்னைத் திரும்பிப் பார்த்து, பரிவோடு தலையை அசைத்தாள்.

"வடபழனியா? அவ்வளவு தூரம் அனுப்பறதில்லேங்க. பயந்த சுபாவம்."