அன்செல்மோவின் அநாதைச் சிப்பாய்

சியென்ஃபுவேகோஸ்
வியாழக்கிழமை

மரியாதைக்குரிய மச்சான் ஃபெர்மின் அவர்களுக்கு,

லியோன்சியோ எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் தங்கை சொரைடாவும் நலம். ஆனால் என் நலம் இந்த ஞாயிறுவரைதான். ஞாயிற்றுக்கிழமைக்குள் கிடைத்த பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுங்கள். தாமதித்தால் என்னைப் பார்க்க முடியாமல் போகலாம்.

பிப்ரவரியில் போய்ச் சேர்ந்தானே என் சிநேகிதன் அன்செல்மோ, அவனோடு ஆடிய செஸ் ஆட்டம் ஒன்று என் வீட்டு மேஜையில் பாதியில் நிற்கிறது. முப்பது வருஷமாக எங்களுக்குள் ஒரே சட்டம்: தோற்றவன் அடுத்த ஞாயிறு ஜெயித்தவன் வீட்டுக்குப் போய் ஆட வேண்டும். அன்செல்மோவுக்கு இப்போது வீடு எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

முடியாத ஆட்டத்தின் அடுத்த நகர்வை எழுதி உறையில் ஒட்டிவைப்பது செஸ் கிளப் வழக்கம். மகராசன் ஒன்றல்ல, ஏழு உறை ஒட்டி, நம்பர் போட்டு, பெண்டாட்டி நியேவெஸிடம் கொடுத்துவிட்டுச் செத்திருக்கிறான். ஞாயிறுதோறும் நான் நகர்த்தியதும் அவள் ஒன்றை நீட்டுகிறாள். பிரித்தால், நான் அப்போதுதான் ஆடியதற்குச் சரியான பதில்! சோதித்துப் பார்க்க மூன்றாவது வாரம் வேண்டுமென்றே ஓரச் சிப்பாயைத் தள்ளினேன். ‘என்னடா லியோ, கோமாளித்தனம்?’ என்று ஆரம்பித்திருந்தது காகிதம்.

இத்தனைக்கும் பலம் என் பக்கம்தான் மச்சான். என் சிப்பாய்கள் ஒன்றையொன்று காத்துக்கொண்டு சங்கிலியாக நிற்கின்றன. அவனுடையதைப் பார்த்தால் அழுகை வரும். இரண்டு ஒரே வரிசையில் முன்னும் பின்னுமாக முட்டிக்கொண்டு நிற்கின்றன, ஒன்று பக்கத்தில் துணையே இல்லாத அநாதை. ‘உன் அநாதைக்குச் சோறு போட்டியாடா?’ என்று எத்தனை கிண்டல் செய்திருப்பேன்! அந்த அநாதைதான் கடைசிக் கட்டத்துக்கு இரண்டடியில் வந்து நின்றது. அதன் மூஞ்சிக்கு நேரே குதிரையை நிறுத்தி மறித்திருந்தேன். போன சனிக்கிழமை குதிரைத் தலையில் ஓர் எறும்பு. விரலால் தட்டிவிட்டேன். ‘சரி பண்றேன்’ என்று சொல்லாமல் காயைத் தொட்டால் அதை நகர்த்தியே ஆக வேண்டும்.

“யாரு பாத்தா? பேசாம இருங்க,” என்றாள் சொரைடா.

“அவன் பாத்திருப்பாண்டி.”

“செத்தவனுக்குப் பயந்து குதிரைய நகத்துற ஆம்பளைய இப்பத்தான் பாக்குறேன்.”

நகர்த்திவிட்டேன். அவனை ஒருநாளும் நான் ஏமாற்றியதில்லை. ஞாயிறு ஆறாவது உறை: ‘சிப்பாய் ஓரடி முன்னால. எறும்ப ஊதியிருக்கலாமேடா.’ காகிதத்தைக் கீழே போட்டுவிட்டேன். நியேவெஸ், “நல்லா ஆடுறாரு இல்ல?” என்று காபியைக் குடித்துவிட்டுப் போகிறாள். இன்னும் ஓரடி, அது ராணியாகிவிடும், நான் தோற்றேன். என் சங்கிலிச் சிப்பாய்கள் வேடிக்கை பார்க்கின்றன, அதுகளுக்குத் திரும்பி வரத் தெரியாதே! ஏழாவது உறையைப் பிரிக்காமல் எரிக்கும்படி நீங்கள்தான் அவளிடம் சொல்ல வேண்டும். நானே கேட்டால் ஏமாற்றினதாகிவிடும். எனக்குச் சாக இஷ்டமில்லை மச்சான்.

உங்கள் வீட்டம்மாவுக்கு என் வணக்கம். உங்கள் பன்றி டிசம்பர் விருந்துவரை நோய்நொடியின்றிக் கொழுக்க மாதா அருள்வாளாக.

அன்புள்ள
லியோன்சியோ

பி.கு.: மச்சான், வர வேண்டாம். ஞாயிறு மகள் வீட்டுக்குப் போகிறாளாம், நியேவெஸ் இப்போதே ஏழாவது உறையைக் கொடுத்துவிட்டாள். ‘பயப்படாத. டிரா வச்சுக்கலாம்’ என்று இருக்கிறது. ஜெயிக்கிற ஆட்டத்தை எனக்காக விட்டிருக்கிறான் பாவி, உட்கார்ந்து அழுதுவிட்டேன். டிரா என்றால் நான் எங்கும் போக வேண்டியதில்லை. ஆடின வீட்டிலேயேதான் அடுத்த ஆட்டம். சொரைடா காயெல்லாம் அடுக்கி, எதிர் நாற்காலியையும் துடைத்துப் போட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்தால் உட்கார இடமிருக்காது.