முத்தாண்டிக்குப்பத்தில் ஆறு மனை

2014 பொங்கல் முடிஞ்ச மறுநாள் ஒரு முடிவுக்கு வந்தேன். இனிமே ஷிப்ட் போகமாட்டேன். நிலக்கரிச் சுரங்கத்தில் இருபத்திரண்டு வருஷமா கன்வேயர் பெல்ட்டைப் பார்த்துக்கினு நிக்கிறேன். பெல்ட் ஓடுது, நான் நின்னுக்கினே இருக்கேன். அலுத்துப்போச்சுங்க. வேலையை விட்டுட்டு, வர்ற பணத்தில் மனை வாங்கிப் போட்டு, விலை ஏறினதும் வித்துட்டு உட்காரணும்.

என் மனைவி அமிர்தம் அரிசி களைஞ்சுக்கினு இருந்தா.

"அமிர்தம், வேலைய ராஜினாமா பண்ணப்போறேன்."

"காபி குடிச்சிட்டுப் பண்றீங்களா, வெறும் வயித்துலயா?"

"வெளையாட்டு இல்ல. முத்தாண்டிக்குப்பத்துல ஆறு மனை. புரோக்கர் வேலுமணி காட்டினாரு. அடிமாட்டு வெல!"

"ஏன் அவ்ளோ மலிவு?"

"சுரங்கத்துக்கு எடுத்துக்குவாங்கன்னு பேச்சு. எடுத்தா நஷ்டஈடு. அது மட்டுமா? நெலம் குடுத்த வூட்டுக்கு ஒரு வேலையும் கெடைக்குமாம்!"

அரிசியில் கையை வச்சுக்கினே என்னைப் பார்த்தா.

"எங்க வேலை?"

"சுரங்கத்துலதான்."

"பர்மனெண்டா?"

"கான்ட்ராக்ட்டுன்னாரு."

"அப்போ பர்மனெண்ட் வேலைய வுட்டு, அந்தக் காசுல நெலம் வாங்கி, அந்த நெலத்தக் குடுத்து, அதே பெல்ட்டுக்குக் கான்ட்ராக்ட்ல போவீங்க."

அடக் கடவுளே, நான் அப்படி யோசிக்கவே இல்லை. வேலுமணி சொன்னப்போ நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அங்கேயே பின்வாங்கினா புருஷன்னு மதிப்பாளா?

"முடிவு முடிவுதான்!"

"கம்பெனி குவார்ட்டர்ஸ காலி பண்ணணுமே?"

"பண்ணுவோம்!"

"சரிங்க."

கல்யாணமான நாளா அவ 'சரிங்க'ன்னு சொன்ன ஒவ்வொரு தடவையும் சேதம் எனக்குத்தான். அன்னிக்கு சந்தோஷத்தில் அதை மறந்துட்டேன்.

எங்க வூட்டுல ஒரு வழக்கம். மெடிக்கல் புக்கோ, குழாய் ரிப்பேரோ, எந்த ஃபாரமா இருந்தாலும் அவதான் எழுதுவா. பென்சிலால ஒரு குறி போட்டு நீட்டுவா. அந்த இடத்தில் நான் கையெழுத்துப் போடுவேன். படிக்கிறதில்லை. ராஜினாமாவையும் அவளையே எழுதச் சொல்லிட்டேன். ரெண்டு நாள் கழிச்சு, நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து இட்லிக்கு உட்கார்ந்தப்போ தாள் வந்துச்சு. போட்டேன். விடுதலைப் பத்திரமாச்சே, கண்ணுல தண்ணியே வந்துடுச்சு.

"ஆபீஸ்ல நானே குடுத்துடறேன், நீங்க படுங்க"ன்னா. படுத்தேன்.

பதில் வர்ற வரைக்கும் ஷிப்ட் போய்க்கினு இருந்தேன். மூணு வாரம் கழிச்சு டவுன்ஷிப் ஆபீஸ்ல கூப்பிட்டாங்க. அங்க கிளார்க் வீரம்மாள் ஒரு கடிதத்தை நீட்டினாங்க.

"கேட்டது கெடைச்சிடுச்சுங்க சார்!"

"எப்போ ரிலீவ் பண்றீங்க?"

"ரிலீவா? குவார்ட்டர்ஸ் மாத்தித் தரச் சொல்லி எழுதியிருந்தீங்களே! கீழ் வூடு, பின்னாடி பெரிய தோட்டம். 'ரிட்டயர் ஆவுற வரைக்கும் இங்கதான் இருப்பேன்'னு கையெழுத்தும் போட்டிருக்கீங்க."

வூட்டுக்கு ஓடினேன். பாத்திரமெல்லாம் மூட்டை கட்டி வாசலுக்கு வந்தாச்சு.

"என்னடி பண்ணி வச்சிருக்க?"

"நெலம் வேணும்னீங்க. அந்தத் தோட்டம் அஞ்சு சென்ட் இருக்கு. பத்திரச் செலவு இல்ல, புரோக்கர் கமிஷன் இல்ல."

"எனக்கு அலுத்துப்போச்சு அமிர்தம். நெஜமாவே அலுத்துப்போச்சு."

"தெரியுங்க"ன்னா மெதுவா. எனக்கு நெஞ்சு இளகிப்போச்சு. அப்புறம் உள்ளே போய் ஒரு புது மண்வெட்டியை எடுத்தாந்து என் கையில் குடுத்தா.

"நாளைக்கு செகண்ட் ஷிப்ட்தானே? காலையில சும்மாதான் இருப்பீங்க. போய் இன்வெஸ்ட் பண்ணுங்க."